மூன்று விதைகள் சுழல மறுத்த நாள்

விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கணக்கைப் பிழையின்றிச் செய்து காட்டுவது, அதைச் செய்த முறை சரியானது என்பதற்குச் சான்றாகுமா?

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. ரம்புக்கனைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில், வெட்டுவதற்காகச் சிவப்பு மை பூசப்பட்ட மரங்களுக்கு நடுவே நின்றபோது எனக்குள் எழுந்தது. ஓய்வுபெற்ற பின்னும் அது என்னை விட்டுப் போகவில்லை.

சென்ற மாதம் கேகாலையிலுள்ள எங்கள் பழைய அலுவலகத்தில் அலுமாரிகளை ஒழித்தபோது, அடித்தட்டிலிருந்து கட்டம் கீறிய பலகையொன்றும், ஒரு பிஸ்கட் டின் நிறைய இறப்பர் விதைகளும் கிடைத்தனவாம். இப்போது அங்கே பணிபுரிவோர் அவற்றைப் படமெடுத்து அனுப்பி, "மிஸ், ஒபிஸ் நேரத்துல நீங்க எல்லாரும் என்ன வெளையாட்டு வெளையாடினீங்க?" என்று கேட்டிருந்தார்கள். அவர்களுடைய கையில் இருக்கும் கருவி நாங்கள் ஒரு முழு நாள் எண்ணியதை ஒரு நொடியில் எண்ணிவிடுகிறது. இருந்தாலும் அந்தப் பலகையின் கதையை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

தாவரவியலில் பட்டம் பெற்று, ஆறு மாதப் பயிற்சியில் மரப்பட்டையையும் வேரையும் இலையையும் பார்க்கக் கற்றுக்கொண்டு, இறப்பர் மரங்களின் நோய்களைக் கண்காணிக்கும் பிரிவில் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். என் பெற்றோர் தோட்டத்தில் பால்வெட்டியவர்கள். ஒரு மரம் போனால் யாருக்கு என்ன போகும் என்பது எனக்குத் தெரியும் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையும் என் பிழைக்கு ஒரு காரணம் என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தேன்.

எங்கள் பிரிவின் பொறுப்பதிகாரி நிஸாம் சேர். கேகாலை நகரத்துக்காரர், கடைக்காரக் குடும்பத்தில் பிறந்து கணிதம் படித்தவர். அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. ஒருவர் செய்தது பிழையென்றால், "பிழை" என்ற சொல்லே அவர் வாயில் வராது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டே, "திரும்ப ஒருக்கா" என்பார். அவ்வளவுதான். இரண்டாம் முறையும் அதே பிழை வந்தால் கித்துள் கருப்பட்டித் துண்டொன்றை நம் பக்கம் நகர்த்தி, பிளேன்டீ ஊற்றித் தந்துவிட்டு மறுபடியும் அதையே சொல்வார். அவரிடம் நிறையப் பிழை செய்தவர்களுக்கு நிறையக் கருப்பட்டி கிடைத்தது. நான் சேர்ந்த ஆண்டில் எனக்கு எடை கூடியது.

பலகையை அவர் எங்களுக்கு அறிமுகப்படுத்திய விதம் இது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விதை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள். அவைதாம் அதன் அயல். விதை இருக்கும் கட்டத்துக்கு இரண்டு அல்லது மூன்று அயல்விதைகள் இருந்தால் அது அடுத்த சுற்றிலும் வாழும். அதைவிடக் குறைந்தால் தனிமையாலும், கூடினால் நெரிசலாலும் போய்விடும். வெற்றுக் கட்டமொன்றுக்குச் சரியாக மூன்று அயல்விதைகள் இருந்தால் அங்கே புதிதாக ஒன்று பிறக்கும். விதிகள் இவ்வளவே. தொடக்கத்தை மட்டும் நாம் வைக்கிறோம். மிச்சத்தை விதி பார்த்துக்கொள்கிறது.

இந்தச் சின்ன விதியிலிருந்து எழும் உருவங்களை அவர் சொந்தப் பிள்ளைகளைப் போல நேசித்தார். நான்கு விதைகளைச் சதுரமாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று அயலவர்; எத்தனை சுற்று ஓட்டினாலும் எதுவும் மாறாது. அதற்கு "பென்சன்காரர்" என்று பெயர் வைத்திருந்தார். மூன்று விதைகளை ஒரே கோட்டில் கிடத்தினால் அடுத்த சுற்றில் அவை நிமிர்ந்து நிற்கும். அதற்கடுத்த சுற்றில் மீண்டும் கிடக்கும். அது "விசிறி". ஐந்து விதைகள் கொண்ட இன்னோர் உருவம் நெளிந்து நெளிந்து, நான்கு சுற்றுக்கு ஒருமுறை பழைய வடிவத்துக்கு வந்து, ஒரு கட்டம் சாய்வாக நகர்ந்திருக்கும். எந்தச் சுற்றில் எண்ணினாலும் ஐந்துதான். "அஞ்சு பேரோட வெளிக்கிட்டு, வழியில ஒத்தரயும் ஏத்தாம, அஞ்சு பேரோடயே போய்ச் சேர்ற பஸ் நம்ம நாட்டுல இது ஒண்டுதான்" என்பார்.

விதியில் ஓர் எண்ணை மாற்றினால் வேறோர் உலகம் பிறக்கும் என்பதையும் அவர் காட்டினார். ஆறு அயல்விதைகள் இருந்தாலும் பிறப்பு உண்டு என்று ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். பன்னிரண்டு விதைகளாலான ஓர் உருவம் பன்னிரண்டாம் சுற்றில் தன்னைப் போலவே இரண்டாகி நின்றது. அன்று மதியச் சாப்பாட்டை நாங்கள் மறந்துவிட்டோம். "ஒரு இலக்கத்துக்கு இவ்வளவு பலம் இரிக்கு. அதனால, கைய வெக்க முந்தி யோசிக்கோணும்" என்று மட்டும் சொன்னார்.

இவ்விளையாட்டுக்கு எங்கள் வேலையில் ஓர் இடம் இருந்தது. வெண்வேர் நோய் மண்ணுக்கடியில் வேரோடு வேர் தொடும் வழியாக மரத்துக்கு மரம் பரவுவது. இலை மஞ்சளாகும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடும். ஆகவே கட்டத்தாளில் ஒரு மரத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்கி, நோயுற்றவற்றைக் கறுப்பாக்கி, அடுத்தடுத்த பரிசோதனைகளில் நோய் எங்கே நிற்கும் என்று முன்கூட்டிப் பார்ப்போம். இதற்கு விதி வேறு: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அயல்மரங்கள் நோயுற்றிருந்தால் அடுத்த முறை அம்மரமும் நோயுற்றதாகக் கொள்ள வேண்டும், நோயுற்றது மீளாது. மலைச்சரிவில் மரங்கள் இவ்வளவு ஒழுங்காக நிற்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். தாளில் அவற்றை நிற்க வைத்தோம்.

எண்ணும் கை சரியாக எண்ணுகிறதா என்று சோதிப்பதற்கு சேர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தத் தாளிலும் நோயைக் குறிக்குமுன் அதன் மூலையில் மூன்று கட்டங்களைக் கறுப்பாக்கி, முதல் விதிப்படி இரண்டு சுற்று ஓட்ட வேண்டும். விசிறி நிமிர்ந்து, திரும்பவும் கிடந்தால் கை சரி. அதன் பிறகுதான் அவர் கையொப்பம்.

பலகையில் ஒரு சுற்றை ஓட்டும் முறையும் திட்டமானது. பிறக்கப்போகும் வெற்றுக் கட்டத்தில் ஒரு புளியங்கொட்டை. போகப்போகும் விதையின்மேல் ஒரு தீக்குச்சி. பலகை முழுவதையும் எண்ணி முடிக்கும்வரை எந்த விதையும் அசையக்கூடாது. முடித்த பின் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்ற வேண்டும். தாளிலானால் பழைய தாளைப் பார்த்துப் புதிய தாளில் எழுத வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் நான் அந்த இரண்டாவது தாளைக் கைவிட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. வேலை குவிந்தது, நேரம் போதவில்லை. தோட்டத்தில் மரங்களுக்கு இலக்கமிடுவது பால்வெட்டுபவர் நடக்கும் வழியில்: மேல்வரிசையில் இடமிருந்து வலம், அடுத்ததில் வலமிருந்து இடம், அப்படியே வளைந்து வளைந்து அடிவரை. வெளிக்களப் புத்தகத்தில் மரங்கள் அந்த ஒழுங்கிலேயே இருந்தன. நானும் அதே ஒழுங்கில் ஒவ்வொரு கட்டமாக எண்ணி, நோயென்றால் அங்கேயே, அதே தாளில், கறுப்பாக்கிக்கொண்டு போனேன். வேலை பாதி நேரத்தில் முடிந்தது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். மூலையிலிருந்த விசிறி எப்போதும் ஒழுங்காகச் சுழன்றது.

தாள்கள் எல்லாம் நோய் சரிவின் கீழ்ப்பக்கமாகவே வேகமாகப் பரவும் என்று காட்டின. எங்களுக்கு அது வியப்பாக இல்லை. கேகாலை மழையைப் பார்த்தவர்கள், தண்ணீர் கீழே ஓடுகிறது, நோயும் ஓடுகிறது என்று எளிதாகச் சமாதானம் கொள்வார்கள். மறுபரிசோதனைக்குப் போனவர்களும் தாள் சொன்ன கீழ்ப்பக்கத்தில்தான் வேர்க்கழுத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். தேடிய இடத்தில் சில கிடைத்தன. தேடாத இடத்தில் எதுவும் கிடைக்கவில்லை.

ரம்புக்கனைப் பக்கத்துத் தோட்டத்தின் ஏழாம் இலக்க மலை, பார்வதி என்ற தொழிலாளியின் வெட்டு, அதாவது அவர் பால்வெட்டும் பங்கு. இருநூற்றைம்பது மரங்களுக்குச் சற்றுக் கூடுதலாக, மேலிருந்து அடிக்கான் என்னும் கீழ்க்கோடி வாய்க்கால் வரை, அவர் ஒருவரே பால்வெட்டினார். சரிவின் நடுவில் ஒரே வரிசையில் ஐந்து மரங்கள் நோயுற்றிருந்தன. என் தாள் நான்கு சுற்றில் நோய் அடிக்கானைத் தொடும் என்றது. ஆகவே மேலே வேர்த்தொடர்பை அறுக்கும் பள்ளமாக ஒரு கான் வெட்டினால் போதும், கீழ்ப்பாதி முழுவதையும் அகற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தேன். சேர் கையொப்பமிட்டார். தோட்டத்து வெளிக்கள மேற்பார்வையாளர், அதாவது அவர்கள் வழக்கில் கண்டாக்கையா, கீழ்ப்பாதி மரங்களுக்குச் சிவப்பு மை பூசுவித்தார். திங்கட்கிழமை வெட்டு ஆட்கள் வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலை எல்லையைச் சரிபார்ப்பதற்கு நான் போனேன்.

பார்வதி கடைசி வரிசையை வெட்டி முடித்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். காலையில் வெட்டி முடித்துப் பால் சிரட்டையில் வடியும் அந்த இரண்டு மணித்தியாலத்தில், பத்து நிமிட நடையிலுள்ள லயத்து வீட்டுக்கு அவர் ஓடிப்போய் வருவார் என்று கண்டாக்கையா சொல்லியிருந்தார். மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கும் கணவரைப் புரட்டிப் படுக்கவைத்து, வாயில் ஏதாவது ஊட்டிவிட்டுத் திரும்புவார். பாதி மரம் போனால் அது ஒரு ஆள் வெட்டாகாது. தோட்டத்தின் இந்தக் கீழ்ப்பிரிவில் வேறு வெட்டு இல்லை. மேல்பிரிவுக்கு பஸ்ஸில் போகவேண்டும். இடையில் வீடு வந்து போக முடியாது. இவ்வளவையும் நான் அறிந்துதான் பரிந்துரையை எழுதினேன். பாதியை இழக்காவிட்டால் முழுவதையும் இழப்பார் என்பது என் நியாயம்.

அவரிடம் விளங்கப்படுத்துவது என் கடமை என்று எண்ணி, தாளை ஒரு பாறையின்மேல் விரித்தேன். இது உங்கள் மேல்வரிசை, இது அடிக்கான், இந்தக் கறுப்பு நோய் என்று காட்டினேன். பார்வதி குனிந்து, நான் ஒவ்வொரு சுற்றாகக் குறித்த வழியை விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு சிரித்தார்.

"ஏங்க மிஸ், இது என் கால் தடம் மாதிரில்ல இருக்கு?"

இலக்கமெல்லாம் உங்கள் வெட்டு வழியில்தானே போட்டிருக்கிறது என்றேன்.

"சரி மிஸ், இலக்கம் என் வழியில வரட்டும். நா மேலருந்து கீழ நடக்குறேன்ங்கிறதுக்காக நோவும் என் கையப் புடிச்சுக்கிட்டு கீழயே வருமா? மேல ஆறேழு மரத்துல பால் கொறஞ்சு ஒரு மாசமாச்சு. அங்கிட்டு நீங்க யாரும் தோண்டிப் பாக்கலையே."

கண்டாக்கையா சிங்களத்தில், வெட்டுப் போகிற கவலையில் பேசுகிறாள் என்றார். பார்வதி அதே சிங்களத்தில், கவலை தனக்கு, ஆனால் பால் குறைந்தது மரத்துக்கு என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வெட்டணும்னா வெட்டுங்க மிஸ். ஆனா பாத்துட்டு வெட்டுங்க. எங்க வீட்டுக்காரர நா கூடையில வச்சு மேல்பிரிவுக்குத் தூக்கிக்கிட்டுப் போக முடியாது."

அப்போதுதான் தொடக்கத்தில் சொன்ன கேள்வி என்னிடம் வந்தது. மூலையிலிருந்த விசிறியைப் பார்த்தேன். அது அழகாக நிமிர்ந்து, அழகாகக் கிடந்தது. ஆனால் அதை நான் எப்போது எண்ணினேன்?

பஸ் பிடித்துக் கேகாலைக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. சேர் தொழுகை முடித்துத் திரும்பி, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். ஒற்றைத் தாளில் குறிப்பதையும் சொன்னேன். அவர் பலகையை எடுத்து நடுவே மூன்று விதைகளைக் கிடத்திவிட்டு, "பார்வதி நடக்கிற மாதிரி ஓட்டுங்க. எண்ணி ஓட்டுங்க" என்றார்.

மேல்வரிசையிலிருந்து தொடங்கினேன். விதைகளுக்கு மேலுள்ள வரிசையில், நடுக்கட்டத்துக்கு மூன்று அயல், பிறப்பு. உடனே வைத்தேன். அடுத்த கட்டத்துக்குக் கீழே இரண்டுதான், ஆனால் இப்போது பிறந்த விதை பக்கத்தில் இருக்கிறது, மூன்றாகிவிட்டது. அங்கேயும் பிறப்பு. விதைகள் கிடந்த வரிசைக்கு வந்தபோது நடுவிதைக்கு நெரிசல், கடைசி விதைக்குத் தனிமை, இரண்டும் போயின. முதல் சுற்றின் முடிவில் மூன்று விதைகள் மூலைமட்டம் போல வளைந்து நின்றன. இரண்டாம் சுற்றில் அந்த வளைவின் உள்மூலையில் நான்காவது பிறந்தது. மூன்றாம் சுற்றில் எதுவும் அசையவில்லை. நான்காம் சுற்றிலும் இல்லை.

"பென்சன்காரர்" என்றார் சேர்.

நான்கு விதைகளையும் எடுத்து டின்னுக்குள் போட்டார்.

"விசிறி எப்பிடி வரும்டு உங்களுக்கு மனப்பாடம், மகள். மூலையில நீங்க அத எண்ணல்ல, ஓதிட்டீங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டன். எனக்கும் மனப்பாடம்."

பிறகு ஏழாம் இலக்க மலையை எடுத்தோம். ஐந்து நோய்மரங்கள், ஒரே சுற்று. என் முறையில் நோய் கீழே மூன்று வரிசை இறங்கியது. மேலே ஒரு வரிசைதான் ஏறியது. இரண்டு தாளில் எண்ணினால் மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இறங்கிய மற்ற இரண்டு வரிசைகளையும் உண்டாக்கியது மழையுமல்ல, சரிவுமல்ல, என் பென்சில். ஒரு மரத்தை நான் கறுப்பாக்கியவுடன், அதே சுற்றில் அடுத்த மரத்துக்கு அது நோயுற்ற அயலாகிவிட்டது. நாளைக்கு நோய்ப்படக்கூடிய மரத்தைச் சாட்சியாக்கி, இன்றே அதன் அயலுக்குத் தீர்ப்பெழுதியிருந்தேன்.

"திரும்ப ஒருக்கா" என்றார் சேர். கருப்பட்டியை நகர்த்தினார். அன்று என்னால் அதைத் தொட முடியவில்லை. அவர் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, தோட்ட முகாமையாளருக்குத் தொலைபேசி எடுத்தார். திங்கட்கிழமை ஆட்களை அனுப்பவேண்டாம், பரிந்துரை பிழை, பொறுப்பு தன்னுடையது என்றார். அந்த ஒரு முறைதான் "பிழை" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டேன். அதுவும் தம்மைப் பற்றி.

மறுநாள் இருவரும் ஏழாம் மலைக்குப் போனோம். பார்வதி காட்டிய மேல்மரங்களின் வேர்க்கழுத்தைத் தோண்டினோம். ஏழில் நான்கில் வெண்ணூல் போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கீழே, சிவப்பு மை பூசிய மரங்களில், நோய்க்கு அடுத்த ஒரு வரிசையைத் தவிர மற்றவை சுத்தமாக இருந்தன. கீழ்ப்பாதியை வெட்டி, மேலே அந்த ஒற்றைக் கானை நம்பியிருந்தால், கானுக்கு வெளியே நோய் மேலேறிக்கொண்டே இருந்திருக்கும்; கொஞ்சக் காலத்தில் அவருக்கு மேல்பாதியும் மிஞ்சியிருக்காது. நோயைச் சுற்றி வளையமாகக் கான் வெட்டி, முப்பதுக்கும் குறைவான மரங்களை அகற்றினோம். வெட்டு அவருடையதாகவே இருந்தது. ஓராண்டு கழித்து வளையத்துக்கு வெளியே இரண்டு மரங்கள் நோயுற்றன. எங்கள் கணக்கு அவற்றைச் சொல்லவில்லை, பார்வதி சொன்னார்.

சிவப்பு மை மட்டும் நெடுநாள் போகவில்லை. "கல்யாணத்துக்குப் பொட்டு வச்சுட்டு மாப்பிள்ளைய மாத்திட்டீங்களே மிஸ்" என்று நான் போகும்போதெல்லாம் பார்வதி கேலி செய்வார்.

இதை இங்கே நிறுத்தினால் கதை இனிமையாக முடியும். ஆனால் அது உண்மையாகாது. இதற்கு முன் இரண்டு மலைகளுக்கு நான் ஒற்றைத் தாளில் குறித்திருந்தேன். ஒன்றில் வேலை தொடங்கியிருக்கவில்லை. குருவிட்டப் பக்கத்திலிருந்த மற்றதில் கீழ்ப்பாதி வெட்டப்பட்டுக் கன்றும் நட்டாகிவிட்டது. அந்த வெட்டில் வேலை செய்தவர் கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இருமுறை விசாரித்தும் அவரை நான் சந்திக்கவில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியும்; இங்கே எழுதுவதற்கு அவருடைய சம்மதம் எனக்கில்லை. பிழையை ஒப்புக்கொண்டு அத்தோட்டத்துக்கு எழுதிய கடிதத்தில், "எவ்வாறாயினும் அவை முதிர்ந்த மரங்களே" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். சேர் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டுக் கையொப்பமிட்டார்.

சேருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. போன பெருநாளுக்குப் போயிருந்தபோது, தட்டிலிருந்த பேரீச்சங்கொட்டைகளில் மூன்றை விரலால் தடவி ஒரே கோட்டில் கிடத்தி, "எண்ணுங்க" என்றார். எண்ணினேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்கள் பிரிவில் மூன்று வழக்கங்கள் மாறின. பழைய தாளில் யாரும் பென்சில் வைப்பதில்லை. புதிய நிலை புதிய தாளில் மட்டும். மூலையில் சோதிக்கும் உருவத்தைத் தாளைக் குறிப்பவர் தேர்ந்தெடுப்பதில்லை. குறிப்பவருக்கு விடை தெரியாத ஒன்றை இன்னொருவர் வைப்பார். எந்த மரத்திலும் மை படுமுன், அந்த வெட்டின் பால்வெட்டுத் தொழிலாளி தாளைப் பார்ப்பார். அவர் தோண்டச் சொல்லும் இடம் தோண்டப்படும்.